ஏஎம்டி கட்டிய வருஷத்தின் மாநில ரீஃபண்டா? 1099-ஜியை அப்படியே வருமானத்தில் போடாதீர்கள்

அமெரிக்காவில், மாநில வருமான வரி உள்ள இடத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, நியூ யார்க் ஆட்களுக்கு முக்கியமாக. ஒரு வருஷம் ஏஎம்டி, அதாவது மாற்றுக் குறைந்தபட்ச வரி கட்டியிருக்கிறீர்கள், அந்த வருஷத்துக்கான மாநில வரியில் கொஞ்சம் அடுத்த வருஷம் ரீஃபண்டாகத் திரும்பி வருகிறது என்றால், அந்த ரீஃபண்டுக்கு நீங்கள் மத்திய வரி கட்ட வேண்டியதே இல்லாமல் இருக்கலாம். இது தெரியாமல் இரண்டு வருஷத்தில் 1,608 டாலர் கூடுதலாகக் கட்டினோம். பணம் பிறகு திரும்பி வந்துவிட்டது. ஆனால் அதை வாங்குவதற்குள் பட்ட பாடும், யாரைக் கேட்டாலும் ஆளுக்கொன்று சொன்னதும் இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. நான் சிபிஏ, அதாவது பட்டயக் கணக்காளர், இல்லை, மென்பொருள் வேலை பார்ப்பவள். எங்கள் கணக்கில் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியாவில். கணவன் மனைவி இரண்டு பேருக்கும் சம்பளம், இரண்டு பிள்ளைகள், ஒரு வீட்டுக் கடன். வெளியிலிருந்து பார்த்தால் வசதி, உள்ளே வந்து பார்த்தால் மாதக் கடைசியில் எல்லாரையும் போலத்தான். வரி ரிட்டர்னை வருஷா வருஷம் ஒரே ஆடிட்டரிடம் கொடுத்துவிடுவோம். சம்பளத்துக்கான டபிள்யூ-2 படிவம், வீட்டுக் கடன் வட்டி, சொத்து வரி ரசீது, ரீஃபண்ட் எவ்வளவு என்று சொல்லி மாநிலத்திலிருந்து வரும் 1099-ஜி படிவம் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தால் பத்து நாளில் கையெழுத்துக்குத் தயாராக வரும். அவர் 1099-ஜியில் உள்ள தொகையை அப்படியே வருமானத்தில் சேர்த்துவிடுவார். எல்லா வருஷமும் அப்படித்தான் நடந்தது, எங்களுக்கும் அதைக் கேள்வி கேட்கத் தோன்றியதில்லை.

முதலில் அந்த ரீஃபண்டுக்கு ஏன் வரி என்பதைப் பார்த்துவிடலாம். மாநிலத்துக்குக் கட்டிய வருமான வரியை மத்திய ரிட்டர்னின் ஷெட்யூல் ஏ-யில் கழிவாக, அதாவது வருமானத்திலிருந்து குறைக்கும் தொகையாக, காட்டுகிறோம். அந்தக் கழிவால் மத்திய வரி குறைகிறது. அப்புறம் மாநிலம் "நீ அதிகமாகக் கட்டிவிட்டாய்" என்று ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. அப்படியானால் போன வருஷம் கழிவாகக் காட்டியதில் ஒரு பகுதி நிஜச் செலவே இல்லை என்று ஆகிறது, அதனால் அதை இந்த வருஷ வருமானத்தில் சேர்க்கச் சொல்கிறார்கள். நியாயம்தான். ஆனால் இதே நியாயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்தக் கழிவு உங்கள் வரியை உண்மையில் குறைத்திருந்தால், எவ்வளவு குறைத்ததோ அந்த அளவுக்குத்தான் ரீஃபண்ட் வருமானம். வரிச் சட்டத்தின் 111-ஆம் பிரிவு சொல்வது இதைத்தான். செலவுகளைத் தனித்தனியாகக் காட்டாமல் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் என்ற நிலையான கழிவை எடுத்தவர்களுக்கு மாநில ரீஃபண்ட் வருமானமே இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது இல்லையா, அதற்குக் காரணமும் இதே பிரிவுதான். ஏஎம்டி கட்டியவர்களுக்கும் இது பொருந்தும் என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை.

ஏஎம்டி என்பது ஒரே வருமானத்துக்கு இரண்டு விதமாக வரி போட்டுப் பார்ப்பது. வழக்கமான கணக்கு ஒன்று. ஃபார்ம் 6251 வழியாக இன்னொன்று. அதில் மாநில வரி, சொத்து வரிக் கழிவுகள் கிடையாது. எது பெரிய தொகையோ அதைக் கட்ட வேண்டும். 1969 ஜனவரியில் அப்போதைய நிதிச் செயலர் ஜோசப் பார், 2 லட்சம் டாலருக்கு மேல் வருமானம் இருந்தும் 155 பேர் ஒரு காசு வருமான வரி கட்டவில்லை என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் சொன்னார், அதிலிருந்து கிளம்பிய விஷயம் இது. அந்த 155 பேரைப் பிடிக்கப் போட்ட வலை, பின்னால் சொத்து வரியும் மாநில வரியும் அதிகமாகக் கட்டுகிற சம்பளக்காரக் குடும்பங்களைப் பிடித்தது. எங்களைப் போன்றவர்கள் பங்கு ஆப்ஷன் எதுவும் இல்லாமலேயே 2017 வரை வருஷா வருஷம் அதில் மாட்டினோம்.

எங்கள் 2017 கணக்கைச் சொன்னால் புரியும், புரிவதற்காக எண்களை முழுமையாக்கியிருக்கிறேன். மொத்த வருமானம் 2,80,000 டாலர். அதற்கு முந்தின வருஷத்து மாநில ரீஃபண்ட் 3,000-மும் அதற்குள் இருக்கிறது. கழிவுகள்: மாநில வரி 24,000, சொத்து வரி 11,000, கடன் வட்டி 22,000. நான்கு பேருக்கான தனிநபர் விலக்கு 16,200. வரிக்குரிய வருமானம் 2,06,800, வழக்கமான வரி சுமார் 44,788. இப்போது ஏஎம்டி பக்கம். அங்கே மாநில வரியும் சொத்து வரியும் தனிநபர் விலக்கும் போய்விடும், கடன் வட்டி மட்டும் நிற்கும். பழைய ரீஃபண்ட் 3,000-ஐயும் அங்கே கழித்துவிடுவார்கள், இது முக்கியம், பின்னால் வருகிறேன். ஆக 2,55,000. அந்த வருஷம் தம்பதிக்கு ஏஎம்டி விலக்கு, அதாவது வரி போடாமல் விடும் தொகை, 84,500, ஆனால் 1,60,900-க்கு மேல் போகிற ஒவ்வொரு டாலருக்கும் 25 காசு குறையும், எங்களுக்கு மிஞ்சியது 60,975. மீதி 1,94,025-க்கு 26, 28 சதவீதம் போட்டால் 50,571. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 5,780 டாலர், அதுதான் நாங்கள் கட்டிய ஏஎம்டி.

2018-இல் கலிஃபோர்னியா எங்களுக்கு 4,600 டாலர் ரீஃபண்ட் தந்தது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 2017-இல் நாங்கள் மாநில வரியாக 24,000 காட்டாமல் 19,400 மட்டும் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வழக்கமான வரி 28 சதவீதக் கணக்கில் 1,288 கூடி 46,076 ஆகியிருக்கும். ஏஎம்டி கணக்கு அதே 50,571. மொத்தமாகக் கட்டியது அப்போதும் 50,571-தான். ஒரு காசு மாறாது. அந்த 4,600 கழிவால் எங்களுக்கு எந்த லாபமும் இல்லை, அதனால் அந்த 4,600 வருமானமும் இல்லை. 4,600 என்ன, மாநிலம் 20,000 திருப்பித் தந்திருந்தாலும் எங்கள் விஷயத்தில் இதே பதில்தான். அந்த 5,780 இடைவெளி அவ்வளவு பெரிது.

சரி, ஆடிட்டர் இத்தனை வருஷம் ரீஃபண்டை வருமானத்தில் சேர்த்தாரே, அப்போதெல்லாம் நஷ்டம் ஆகவில்லையா? ஆகவில்லை! இதைக் கண்டுபிடித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. மேலே சொன்ன 3,000-ஐப் பாருங்கள். அதை 2017 வருமானத்தில் சேர்த்ததால் வழக்கமான வரி 840 டாலர் கூடியது. ஆனால் ஃபார்ம் 6251-இல் மாநில ரீஃபண்டைக் கழிக்க ஓர் இடம் இருக்கிறது, அதனால் ஏஎம்டி பக்கத்தில் எதுவும் கூடவில்லை. வழக்கமான வரி 840 ஏறியது, ஏஎம்டி 840 இறங்கியது, கூட்டுத்தொகை அப்படியே. அதாவது ரீஃபண்ட் வருகிற வருஷமும் நீங்கள் ஏஎம்டியில் நன்றாக உள்ளே இருந்தால், தப்பாகச் சேர்த்தாலும் வலிக்காது. ஏஎம்டியிலிருந்து வெளியே வருகிற முதல் வருஷத்தில்தான் வலிக்கும். போன வருஷம் உள்ளே, இந்த வருஷம் வெளியே என்கிற அந்த ஒரு வருஷத்தை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

எங்களுக்கு அந்த வருஷம் 2018. 2017 டிசம்பரில் வந்த வரிச் சட்டம் தம்பதிக்கான ஏஎம்டி விலக்கை 1,09,400 ஆக்கியது, அந்த விலக்கு குறையத் தொடங்கும் வரம்பை 10 லட்சம் டாலருக்குத் தூக்கியது. மாநில வரி, சொத்து வரி இரண்டும் சேர்த்து 10,000-க்கு மேல் கழிக்க முடியாது என்றும் சொன்னது. ஒரே அடியில் எங்களைப் போன்றவர்கள் ஏஎம்டியிலிருந்து வெளியே வந்துவிட்டோம். அந்த டிசம்பர் கடைசி வாரம் நினைவிருக்கிறதா? வரம்பு வருவதற்குள் அடுத்த வருஷ சொத்து வரியை இப்போதே கட்டிவிடலாம் என்று நகராட்சி அலுவலகங்களில் வரிசை நின்றது, எது செல்லும் எது செல்லாது என்று டிசம்பர் 27 அன்று மத்திய வரித்துறையான ஐஆர்எஸ் அறிவிப்பே விட வேண்டியிருந்தது. அந்த வரிசையில் நின்றவர்களில் ஏஎம்டி கட்டுபவர்கள் எத்தனை பேரோ. அவர்களுக்கு அப்படி முன்கூட்டிக் கட்டியதால் அந்த வருஷம் ஒரு பைசா பிரயோஜனம் இருந்திருக்காது.

2018 ரிட்டர்னில் ஆடிட்டர் வழக்கம்போல 4,600-ஐ வருமானத்தில் சேர்த்தார். இந்த முறை ஏஎம்டி இல்லை, 24 சதவீத அடுக்கு, 1,104 டாலர் அப்படியே போனது. 2019-இல் வந்த 2,100 டாலர் ரீஃபண்டையும் சேர்த்தார், அதில் 504. இரண்டும் எங்களுக்கு அப்போது தெரியாது. 2021 வசந்தத்தில், தொற்றுக்காலம், ஆடிட்டர் கட்டணத்தையும் ஏற்றிவிட்டார், சரி இந்த வருஷம் நாமே போட்டுவிடலாம் என்று வீட்டு மென்பொருளில் உட்கார்ந்தேன். 1099-ஜியை உள்ளிட்டதும் அது கேள்வி மேல் கேள்வி கேட்டது. போன வருஷம் மொத்தம் எவ்வளவு மாநில வரி, சொத்து வரி கட்டினீர்கள், ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் எவ்வளவாக இருந்திருக்கும், ஏஎம்டி கட்டினீர்களா? எதற்கு இந்த வருஷக் கணக்குக்குப் போன வருஷ ஏஎம்டி என்று புரியவில்லை. நோண்ட ஆரம்பித்தேன். ராத்திரி ஒரு மணிக்கு 2018 ரிட்டர்னை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தபோது வயிறு கலங்கியது. தொகை பெரிதென்று இல்லை. வருஷா வருஷம் கட்டணம் வாங்கிக்கொண்டு இதைப் பார்க்கக்கூட இல்லையே என்ற கோபம்.

ஆடிட்டருக்குப் போன் செய்தேன். "மேடம், 1099-ஜி ஐஆர்எஸுக்கும் போகுது. காட்டலைன்னா நோட்டீஸ் வரும். ஃபார்ம் வந்தா அது வருமானம்தான்" என்றார். 2017-இல் ஏஎம்டி கட்டியிருக்கிறோமே சார் என்றேன். "ஏஎம்டிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். திருத்த ரிட்டர்ன் போட வேண்டுமானால் வருஷத்துக்கு 400 டாலர் ஆகும், போட்டால் தேவையில்லாமல் ஆடிட்டில் மாட்டுவீர்கள் என்றும் பயமுறுத்தினார். அலுவலக நண்பர்களைக் கேட்டால் ஒருவர் "விடுங்க, ஆயிரம் டாலருக்காக ஐஆர்எஸ் வாயில கைய விடுவாங்களா" என்றார், இன்னொருவர் ரீஃபண்டுக்கு எப்போதுமே வரி உண்டு என்று அடித்துச் சொன்னார். கணவருக்கு இந்தக் காகித வேலை என்றாலே ஒவ்வாமை, "உனக்கு எது சரின்னு படுதோ செய், கையெழுத்து எங்கே போடணும் சொல்லு" என்பதோடு அவர் பங்கு முடிந்தது. தனியாகத்தான் உட்கார வேண்டியிருந்தது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். 1099-ஜியின் இரண்டாம் பெட்டியில் உள்ள தொகை, மாநிலம் உங்களுக்குத் திருப்பித் தந்தது எவ்வளவு என்று மட்டும்தான் சொல்கிறது. அதில் எவ்வளவு வருமானம் என்று அது சொல்வதில்லை, மாநிலத்துக்கு அது தெரியவும் தெரியாது. மத்திய ரிட்டர்னான ஃபார்ம் 1040-இன் வழிமுறைகளிலேயே இதற்கு ஒரு கணக்குத்தாள் இருக்கிறது, அதற்கு மேலே சில விதிவிலக்குகள் போட்டிருக்கும், இவற்றில் ஒன்று பொருந்தினாலும் இந்தத் தாளைப் பயன்படுத்தாதே, ஐஆர்எஸ் வெளியிடும் பப்ளிகேஷன் 525 என்ற கையேட்டுக்குப் போ என்று. போன வருஷம் ஏஎம்டி கட்டியிருந்தால் என்பது அந்த விதிவிலக்குகளில் ஒன்று. பப்ளிகேஷன் 525-இல் திரும்பக் கிடைத்த தொகைகள் பற்றிய பகுதியில், ஏஎம்டி கட்டியவர்கள் முந்தைய வருஷத்தின் வழக்கமான வரியையும் ஏஎம்டியையும் இரண்டையும் மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும், மொத்த வரி மாறவில்லை என்றால் ரீஃபண்டை வருமானத்தில் சேர்க்க வேண்டியதில்லை என்று நேராகவே எழுதியிருக்கிறார்கள். இதைப் படித்ததும் பாதி பயம் போயிற்று. மீதி பயத்துக்கு 250 டாலர் கொடுத்து வேறொரு சிபிஏவிடம் ஒரு மணி நேரம் வாங்கினேன். அவர் என் தாளைப் பார்த்துவிட்டு, கணக்கு சரி, நீங்களே போட்டுவிடுங்கள் என்றார். அந்த 250 வீண் என்று நினைக்கவில்லை, தூக்கம் வந்தது.

மறுகணக்கைக் கையால் போடாதீர்கள். அந்தப் பழைய வருஷத்தின் மென்பொருளை வாங்கி, அந்த வருஷ ரிட்டர்னை அப்படியே ஒருமுறை உள்ளிட்டு, முதலில் நீங்கள் தாக்கல் செய்த அதே வரி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் எங்கோ ஏதோ விட்டுப்போயிருக்கிறது, மேலே போகக் கூடாது. வந்தால், மாநில வரிக் கழிவில் ரீஃபண்ட் தொகையை மட்டும் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். இரண்டிலும் மொத்த வரியை ஒப்பிடுங்கள், வழக்கமான வரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். நான் இரண்டு பிரதிகளையும் அச்செடுத்து, மாற்றிய பிரதியின் தலையில் இது கணக்குக்காக மட்டும், தாக்கலுக்கு அல்ல என்று பெரிதாக எழுதி வைத்தேன். மாநிலப் பக்கத்தையும் ஒரு கண் பாருங்கள். கலிஃபோர்னியா தான் தந்த ரீஃபண்டுக்குத் தானே வரி போடாது, மாநில ரிட்டர்னின் ஷெட்யூல் சிஏவில் அதைக் கழித்துவிடுவார்கள். எங்களுக்குக் கழித்திருந்தார்கள், அதனால் மாநில வரியில் மாற்றம் எதுவும் இல்லை.

திருத்த ரிட்டர்ன் என்பது 1040-எக்ஸ். திருத்த வேண்டியது ரீஃபண்டை வருமானமாகக் காட்டிய வருஷத்தை. ஏஎம்டி கட்டிய வருஷத்தில் தப்பு எதுவும் இல்லை, அதைத் தொட வேண்டாம். நான் முதல் இரண்டு நாள் 2017-ஐத் திருத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காலக்கெடு பொதுவாக ரிட்டர்ன் போட்டதிலிருந்து மூன்று வருஷம், சீக்கிரமே போட்டிருந்தாலும் அந்த வருஷக் கடைசித் தேதியில் போட்டதாகக் கணக்கு, அல்லது வரி கட்டியதிலிருந்து இரண்டு வருஷம், இரண்டில் எது பிந்தியதோ அது. எங்கள் 2018 ரிட்டர்னுக்கு 2022 ஏப்ரல் நடுவரை நேரம் இருந்தது. 1040-எக்ஸை மின்னணு முறையில் போட 2020 ஆகஸ்டில்தான் வழி திறந்தார்கள், அதுவும் 2019 வரி வருஷத்திலிருந்து. ஆகவே 2019-ஐ வீட்டிலிருந்தே அனுப்பிவிட்டேன், 2018-ஐ காகிதத்தில், பதிவுத் தபாலில். கூட்டு ரிட்டர்ன் என்றால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், இதை விட்டுவிட்டுத் திரும்பி வந்த கதைகள் நிறையக் கேட்டிருக்கிறேன். விளக்கம் எழுதும் இடத்தில் கதை எழுத வேண்டாம். 2017-இல் ஏஎம்டி கட்டினோம், மாநில வரிக் கழிவு மொத்த வரியைக் குறைக்கவில்லை, 111-ஆம் பிரிவின்படியும் பப்ளிகேஷன் 525-இன்படியும் 4,600 வருமானம் ஆகாது, மறுகணக்கு இணைப்பில் உள்ளது என்று நாலு வரிதான் எழுதினேன்.

2019 ரிட்டர்னில் சேர்த்த 2,100-க்குக் காரணம் வேறு, அங்கே ஏஎம்டி இல்லை. 2018-இல் மாநில வரியும் சொத்து வரியும் சேர்ந்து எங்களுக்கு 35,000 பக்கம், ஆனால் கழிக்க விட்டது 10,000. அதிலிருந்து 2,100-ஐ எடுத்தாலும் மிச்சம் 10,000-க்கு வெகு மேலே, கழிவு மாறவே மாறாது, எனவே லாபமும் இல்லை, வருமானமும் இல்லை. இதை ஐஆர்எஸ் 2019-இல் வெளியிட்ட 2019-11 என்ற வரித் தீர்ப்பு உதாரணங்களோடு சொல்கிறது. 2018-க்குப் பிறகு வரம்புக்கு மேல் கட்டிக்கொண்டே 1099-ஜியை முழுசாக வருமானத்தில் சேர்த்தவர்கள் யாராவது இருந்தால் தங்கள் பழைய ரிட்டர்ன்களை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

2019-இன் பணம் அந்த வருஷமே வந்தது. 2018-க்கான காகிதக் கவர் போன காலத்தில் தொற்றினால் காகித ரிட்டர்ன்கள் எங்கும் தேங்கிக் கிடந்தன, திருத்த ரிட்டர்னின் நிலையைக் காட்டும் ஐஆர்எஸ் பக்கத்தைத் தினமும் காபியோடு திறந்து பார்ப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. 2022 கோடையில் காசோலை வந்தது, 1,104-உம் அதன்மேல் நூற்றுச் சொச்சம் டாலர் வட்டியும். ஆடிட் எதுவும் வரவில்லை. அந்த வட்டி வருமானம், அதற்கு வரி உண்டு, அடுத்த ரிட்டர்னில் காட்ட மறக்காதீர்கள். ஆடிட்டர் கேட்ட 800-ஐக் கொடுத்திருந்தால் வந்ததில் பாதி அங்கேயே போயிருக்கும்.

இதையெல்லாம் நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு தோழியிடம் சொன்னேன். "அக்கா, எனக்கும் 2017-ல ஏஎம்டி, ஆனா 500 டாலர்தான். அப்போ எனக்கும் ரீஃபண்ட் முழுக்க வரி இல்லையா?" என்று கேட்டாள். இல்லை, இங்கேதான் கவனம் தேவை. ஏஎம்டி கட்டினாலே ரீஃபண்டுக்கு வரி இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவளுக்கு ரீஃபண்ட் 3,000, அப்போதைய அடுக்கு 28 சதவீதம். 3,000 கழிவு இல்லாமல் போட்டால் வழக்கமான வரி 840 கூடும். முதல் 500 வரைக்கும் ஏஎம்டி குறைந்து ஈடு கட்டும், மீதி 340 உண்மையாகவே கூடுதல் வரி. அந்த 340-க்குக் காரணமான கழிவு சுமார் 1,214 டாலர். ஆக 1,214 வருமானம், 1,786 இல்லை. இடைவெளி சின்னதாக இருந்தால் இப்படிப் பாதியில் நிற்கும், மறுகணக்கு போடாமல் சொல்லவே முடியாது.

இன்னும் சில இடங்களில் என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. நிறுவனம் ஊழியருக்குத் தரும் ஐஎஸ்ஓ வகைப் பங்கு ஆப்ஷன்களைப் பயன்படுத்திப் பங்கு வாங்கி, அதனால் ஏஎம்டி வந்தவர்களுக்கு, கட்டிய ஏஎம்டி ஃபார்ம் 8801 வழியாகப் பின் வருஷங்களுக்குக் கிரெடிட்டாக, அதாவது வரியிலிருந்தே நேராகக் கழியும் தொகையாக, போகும். மாநில வரிக் கழிவை மாற்றினால் அந்தக் கிரெடிட்டும் மாறக்கூடும், கிரெடிட் கூடியதையும் லாபமாகவே சட்டம் பார்க்கிறது. அவர்கள் கட்டாயம் விஷயம் தெரிந்த சிபிஏவிடம் போக வேண்டும். எங்கள் ஏஎம்டி முழுக்க மாநில வரி, சொத்து வரி, தனிநபர் விலக்கு போனதால் வந்தது, அப்படிப்பட்டதற்குக் கிரெடிட் கிடையாது, அதனால்தான் எங்களுக்கு இவ்வளவு நேராக முடிந்தது. அப்புறம், ரீஃபண்டைக் கையில் வாங்காமல் அடுத்த வருஷ வரியில் வரவு வைக்கச் சொல்லியிருந்தாலும் அது ரீஃபண்ட்தான், 1099-ஜியில் வரும், "பணமே வரலையே" என்று விட முடியாது. நீங்கள் ரீஃபண்டைச் சேர்க்காமல் போட்டு, பிறகு ஐஆர்எஸிடமிருந்து சிபி2000 என்ற நோட்டீஸ் வந்தால் பதற வேண்டாம், அது பில் இல்லை, எங்கள் கணக்கில் இப்படித் தெரிகிறது என்கிற முன்மொழிவு. அதில் போட்டிருக்கும் தேதிக்குள், வழக்கமாக 30 நாள், மறுகணக்குத் தாளோடு ஒத்துக்கொள்ளவில்லை என்று பதில் அனுப்பினால் போதும். பதில் அனுப்பாமல் விடுவதுதான் ஆபத்து.

கடந்த சில வருஷங்களாக 10,000 வரம்பு காரணமாக இந்தத் தலைவலி பலருக்கு இல்லாமல் இருந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம் 2025 வரி வருஷத்துக்கு அந்த வரம்பை 40,000 ஆக்கிவிட்டது, 5 லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு அது படிப்படியாகக் குறைந்து 10,000-இல் நிற்கும். ஆக எங்களைப் போல 35,000 கட்டுபவர்களுக்கு முழுத் தொகையும் மறுபடி கழிவாகிறது, அதில் ரீஃபண்ட் வந்தால் மறுபடி அது வருமானமா இல்லையா என்ற கேள்வியும் வருகிறது. வழக்கமான வரி இப்படி இறங்கினால் ஏஎம்டி கணக்கு அதை எட்டிப் பிடிப்பதும் சுலபமாகிறது. 2026-இலிருந்து ஏஎம்டி விலக்கு குறையும் வரம்பைத் தம்பதிக்கு 10 லட்சம், தனியாளுக்கு 5 லட்சம் என்று கீழே கொண்டுவருகிறார்கள், அதற்கு மேல் குறையும் வேகமும் இரண்டு மடங்கு, ஒரு டாலருக்கு 50 காசு. நான் 2025 ரிட்டர்னோடு ஃபார்ம் 6251-ஐயும் அச்செடுத்து வைத்துக்கொள்ளப் போகிறேன், ஏஎம்டி வராவிட்டாலும். மென்பொருள் அதை உள்ளே கணக்குப் போட்டு வைத்திருக்கும், அச்சில் சேர்க்கச் சொன்னால் கொடுக்கும். 2026-இல் கிடைக்கிற ரீஃபண்டுக்கு 2027 தொடக்கத்தில் 1099-ஜி வரும்போது, வழக்கமான வரிக்கும் ஏஎம்டி கணக்குக்கும் இடையே எத்தனை டாலர் இருந்தது என்று அந்தத் தாளில்தான் பார்க்க வேண்டும்.